கேட் திறக்கிற வேலை

நீரஜா மாமி காலண்டரில் போன மாதத்துத் தாளைக் கிழித்துக் கொடுத்து, அதன் பின்பக்கம் நடுவில் ஒரு கோடு போடச் சொன்னார். ஸ்கேல் எங்கே இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. தோசைத் திருப்பியின் காம்பை வைத்துப் போட்டேன்.

"இந்தப் பக்கம் மேல 'நல்லது'ன்னு எழுது, வேலம்மா. அந்தப் பக்கம் 'கெடுதல்'னு எழுது. எழுதிப் பாத்தா மனசு தெளியும்கறான் கிரீஷ்."

"தண்ணி லாரி வந்தா தெளியும் மாமி. எழுதினா எங்க தெளியப் போவுது?"

"பேசாம எழுது."

எழுதினேன். மாமியால் எழுத முடியாது. இரண்டு கண்ணிலும் நடுப்பாகம் மட்டும் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. நேராகப் பார்த்தால் முகம் தெரியாது, ஓரத்தால் பார்த்தால் கொஞ்சம் தெரியும். அதனால் என்னோடு பேசும்போது என் தோளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுவரைப் பார்த்துத்தான் பேசுவார். நான் எழுத்துக் கற்றது நாற்பத்தைந்து வயதில், எங்கள் பெரும்பாக்கம் பிளாக்கில் நடந்த சாயங்கால வகுப்பில். ஒவ்வொரு எழுத்தாகத்தான் வரும். மாமி அவசரப்படுத்த மாட்டார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர்.

விஷயம் இதுதான். மகன் கிரீஷ் கனடாவில் இருக்கிறார். அம்மாவுக்குக் கண் இப்படி, அப்பா அனந்தராமன் மாமாவுக்கு ஞாபகம் அப்படி. மைலாப்பூர் வீட்டில் இரண்டு பேரும் தனியாக இருக்க வேண்டாம், மேடவாக்கம் தாண்டி ஒரு இடம் பார்த்திருக்கிறேன், வயதானவர்களுக்கென்றே கட்டியது என்று தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"முதியோர் இல்லம்னு சொல்லேன்டா" என்றார் மாமி ஒருநாள்.

"இல்லம்மா. சீனியர் லிவிங் கம்யூனிட்டி."

"பேரை மாத்திட்டா ஆச்சா?"

ஆனாலும் மாமி வேண்டாம் என்று ஒரே அடியாகச் சொல்லவில்லை. தை மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் அரை மணி நேரம் கூப்பிட்டிருக்கிறார். ஹாலில் உட்கார்ந்திருந்த மாமா ரேடியோ பாடுகிறது என்று நினைத்துக்கொண்டு அசையாமல் இருந்திருக்கிறார். நான் போய்த்தான் தூக்கினேன். அதிலிருந்து மாமிக்குப் பயம். இப்போது அந்த இடத்தில் பத்து நாள் தங்கிப் பார்க்கலாம் என்கிறார்கள். திங்கட்கிழமை போக வேண்டும். அதற்குள் இந்தக் கணக்கு.

"நல்லது பக்கம் எழுது. டாக்டர் அங்கேயே இருக்கார். சாப்பாடு ரூமுக்கே வந்துடும். லிஃப்ட் இருக்கு. பாத்ரூம்ல பிடிச்சிக்கக் கம்பி போட்டிருக்கா. மோட்டார் போடறது, லாரிக்குச் சொல்றது ஒண்ணும் கிடையாது."

"இரு மாமி. இன்னும் கம்பிலதான் கீறேன்."

"கெடுதல் பக்கம் வா. கபாலி கோயில் தூரம். மாட வீதில காய் வாங்க முடியாது. டிசம்பர் கச்சேரிக்கு வரணும்னா போக வர நாலு மணி நேரம். பார்க்ல மாமாவோட பெஞ்சுல உக்கார்றவா எல்லாரும் இங்க இருக்கா. அப்புறம், காபி எப்படி இருக்கும்னு தெரியாது."

"தெரியாதத எந்தப் பக்கம் எய்தறது?"

"கெடுதல்ல எழுது. காபி தெரியலைன்னா அது கெடுதல்தான்."

காபி என்ற சத்தம் ஹாலுக்குக் கேட்டுவிட்டது.

"காபி வந்துடுத்தா?" என்றார் மாமா.

"இப்பதானே குடிச்சேள்!"

"ஓ. எப்படி இருந்தது?"

"நன்னா இருந்தது."

"அப்போ சரி."

நான் சிரித்ததில் 'பி' கோணலாகிவிட்டது.

மாமா தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கு என்ன கிழமை என்று நான்கு தடவை கேட்பார். ஆனால் சென்னையில் எந்த இடத்தைச் சொன்னாலும் அதன் பின்கோடு நாக்கு நுனியில் இருக்கும். மைலாப்பூர் நாலு, தியாகராய நகர் பதினேழு, அடையாறு இருபது. என்னுடைய பெரும்பாக்கம் நூறு. காலையில் என்னைப் பார்த்ததும், "நூறுலேர்ந்து நாலுக்கு வந்தாச்சா?" என்பார்.

காலையில் முதலில் பார்ப்பது அவரைத்தான். அந்த வீட்டுக் கேட் கீழே தொய்ந்துபோனது. பூட்டைத் திறந்த பிறகும் இடது கையால் கேட்டைத் தூக்கிப் பிடித்து, முட்டியால் ஒரு தள்ளு தள்ளினால்தான் நகரும். பூட்டின் சாவியை மாமா பூணூலில் முடிந்து வைத்திருப்பார். ஆறரை மணிக்கு நான் தெருமுனை திரும்பும்போது, பனியனும் வேட்டியுமாக உள்ளே நிற்பார். பத்து வருஷமாக ஒருநாள் தவறியதில்லை. பெரிய வெள்ளம் வந்த வருஷம் அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் குடிசைகளை எடுத்துவிட்டு, எங்களைப் பெரும்பாக்கம் கொண்டுபோனார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி நான் வேலைக்கு வந்த முதல் நாள் நல்ல மழை. பெல் வேலை செய்யவில்லை. முக்கால் மணி நேரம் வெளியே நனைந்துகொண்டு நின்றேன். மாமா எழுந்து வந்து பார்த்தபோது அவர் முகம் சுருங்கிப்போனது. மறுநாளிலிருந்து ஆறரைக்குக் கேட்டில் நிற்க ஆரம்பித்தார். மாமி அந்த நேரம் குளித்துக்கொண்டிருப்பார். அவருக்கு இது தெரியுமா தெரியாதா என்று நான் யோசித்ததே இல்லை.

"இன்னும் என்ன இருக்கு?" என்றார் மாமி சுவரைப் பார்த்து.

கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது. கேட்டேன். "மாமி, நான் எந்தப் பக்கம்?"

"நீ அங்கதானே குடியிருக்கே. கிட்டக்கன்னா நல்லது. ஆனா அவா வெளி ஆள் வேலைக்கு விடுவாளா தெரியலை. விடலைன்னா..." என்று நிறுத்தினார். "நடுவுல எழுது."

கோட்டின் மேலேயே என் பெயரை எழுதினேன். பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம்.

"உன்னை மாத்தினப்போ நீ என்ன பாத்தே? முதல்ல?" என்று கேட்டார்.

"எங்கள யாரு மாமி கேட்டாங்க? லாரி வந்துச்சு, ஏத்துனாங்க, எறக்குனாங்க. போன அப்பாலதான் பாத்தோம். ஆறு மாசம் அய்துகினே இருந்தேன். நீ போனா ரெண்டு பாரு. வெயிலு எந்த ஜன்னல்ல வருதுன்னு பாரு. ராத்திரி ஒடம்பு முடியலன்னா பக்கத்து வூட்டுக் கதவத் தட்ட முடியுமான்னு பாரு. மீதி எல்லாம் பயகிடும்."

"இதையும் எழுது" என்றார் மாமி. இடம் இல்லை, ஓரத்தில் எழுதினேன். கேட்டைப் பற்றி நான் எழுதவில்லை. ஒரு பெரிய மனிதர் வேலைக்காரிக்குக் கேட் திறந்துவிடுவது பட்டியலில் வருகிற விஷயமா?

திங்கட்கிழமை வாடகைக் கார் வந்தது. மாமி, மாமா, இரண்டு பெட்டி, சாமி படம், காபி ஃபில்டர். கிளம்பும்போது மாமி சாமி அறை டப்பாவில் இருந்து கேட்டுக்கான இன்னொரு சாவியை எடுத்துக் கொடுத்து, துளசிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மாமா காரில் ஏறிய பிறகும் தன் பூணூலில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதே தெருவில் எனக்கு இன்னும் இரண்டு வீட்டு வேலை உண்டு. அதனால் நான் வழக்கம்போல நாலே முக்காலுக்கு எழுந்து பஸ் ஏறினேன். அந்த நாட்களில் கேட்டை நானே திறந்தேன். தூக்கித் தள்ளுவதற்கு ஒரு வாரத்துக்கு வேண்டிய பலம் போயிற்று. எண்பத்திரண்டு வயதில் அவர் எப்படித் தள்ளினார் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் பிளாக்கின் கீழே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். கரீமுல்லா வந்தார். மூன்றாவது மாடி. அந்தப் புது இடத்தில்தான் இரவுக் காவல் வேலை. எங்கள் ஆட்கள் பாதிப்பேருக்கு அங்கேதான் வேலை. பெருக்குவது, துணி மடிப்பது, சமையலறையில் தேய்ப்பது.

"அக்கா, மைலாப்பூர்ல நீ வேல செய்ற வூட்டு மாமா பேரு இன்னா?"

"அனந்தராமன். இன்னாத்துக்குக் கேக்குற?"

"அவரேதான். நம்ம எடத்துக்கு வந்துகீறாரு. தெனம் காத்தால எங்க கேட்டாண்ட வந்து நின்னுகினு, பூணூல்லேர்ந்து சாவிய எடுத்து கேட்டுல சொருவப் பாக்குறாருக்கா. அது கரண்டு கேட்டு. சாவித் தொளையே கெடையாது. தேடித் தேடிப் பாக்குறாரு. எனுக்கே ஒரு மாதிரி ஆய்ப்போச்சு."

"நீ இன்னா பண்ண?"

"ரிஜிஸ்டர்ல எய்தித்தானே ஆவணும்? 'வெளியே செல்ல முயற்சி'ன்னு ஒரு கட்டம் கீது. அதுல டிக் அடிச்சேன். மூணு நாளும்."

"அவரு வெளிய போனாரா?"

"போவல. ஆனா 'சும்மா வந்து நின்னாரு'ன்னு கட்டம் கெடையாதே."

குடம் நிரம்பி வழிந்தது. கரீமுல்லாவே குழாயை மூடினார். பிறகுதான் மீதியைச் சொன்னார். மூன்று டிக் விழுந்தால், ஞாபகம் தப்பியவர்களுக்கென்று மூடி வைத்திருக்கும் இரண்டாவது மாடிக்கு ஆளை மாற்ற வேண்டும். அங்கே மனைவி கூடத் தங்க முடியாது, பார்த்துவிட்டு வரலாம். மேனேஜர் மாமியிடம் சொல்லிவிட்டார். கல்யாணம் ஆகி ஐம்பத்தாறு வருஷம், தனியாகப் படுத்ததில்லை, நாளைக்கே வீட்டுக்குப் போகிறோம் என்று மாமி பெட்டி கட்டிவிட்டாராம்.

வீட்டுக்குப் போவது என்றால் திரும்பவும் அந்தக் குளியலறை, அந்தப் புகை மூடிய கண், ரேடியோ பாடுகிறது என்று உட்கார்ந்திருக்கும் மாமா. இங்கே இருந்தால் ஆளுக்கு ஒரு மாடி.

"எத்தினி மணிக்கு வராரு?" என்று கேட்டேன்.

"ஆறரை. உன் வாச்ச அதுல வச்சிக்கலாம்."

குடத்தை எடுக்கக் குனிந்தவள் நிமிர்ந்தேன். "டேய் கரீமு" என்றேன். "அவரு எனுக்குக் கேட்டு தெறக்க வந்துகீறார்டா."

மறுநாள் மற்ற இரண்டு வீட்டுக்கும் போன் செய்து நேரமாகும் என்று சொன்னேன். ஒரு வீட்டம்மா, "இன்னைக்குன்னு பாத்து விருந்தாளி வராங்க" என்று வைத்துவிட்டார். அவர் வீட்டுக்கு நான் லீவு கேட்கும் நாளில் எல்லாம் விருந்தாளி வருவார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் போகாமல் எதிர்த் திசையில் நடந்தேன். கால் தானாக பஸ் ஸ்டாண்டுக்குத்தான் திரும்பியது. பத்து வருஷமாக வேலை என்றால் இரண்டு பஸ், கூட்டம், அடையாறில் இறங்கி ஓட்டம். இன்று பன்னிரண்டு நிமிஷம் நடந்ததும் வேலை இடம் வந்துவிட்டது. மூச்சு கூட வாங்கவில்லை.

உயரமான கேட். ஓரத்தில் கரீமுல்லாவின் கண்ணாடி அறை. மணி ஆறு இருபத்தெட்டு.

மாமா உள்ளே, மர நிழலில் வந்துகொண்டிருந்தார். பனியன், வேட்டி, காலில் புதுச் செருப்பு. அவர் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று என்னைப் பார்த்தார். முகம் அப்படியே பழைய முகம்.

"என்னம்மா, மூணு நாளா ஆளையே காணோம்? பஸ் ஸ்டிரைக்கா?"

"ஆமா மாமா. இன்னிக்குத்தான் வுட்டாங்க."

பூணூலைப் பிடித்துச் சாவியை எடுத்து, கேட்டைத் தடவினார். நான் கரீமுல்லாவுக்குக் கண்ணைக் காட்டினேன். மாமா இடது கையால் இல்லாத ஒரு எடையைத் தூக்கி, முட்டியை மடக்கி முன்னால் கொண்டுவந்தார். கரீமுல்லா பொத்தானை அழுத்தினார். அத்தனை பெரிய கேட் சத்தமில்லாமல் நகர்ந்தது.

"எண்ணெய் போட்டிருக்கான் போல. லேசா இருக்கு" என்றார் மாமா.

நான் உள்ளே வந்தேன். அவர் வெளியே ஒரு அடி வைக்கவில்லை. திரும்பி, நேராக நடந்து, பூச்செடி வரிசையில் இடது பக்கம் திரும்பி, சரியாகத் தன் வீட்டுக் கதவுக்கே போனார். வாசல் பூந்தொட்டியில் 'ஏழு' என்று எழுதியிருந்தது. நான் பின்னாலேயே போனேன்.

மாமி தலையை ஈரத் துண்டில் முடிந்தபடி வந்தார். ஓரக் கண்ணால் என்னை அடையாளம் பார்த்து, "வேலம்மாவா? நீ எங்க இங்க?" என்றார்.

"மாமி, மாமா தப்பிச்சிப் போவல. எனுக்குக் கேட்டு தெறக்கப் போறாரு."

"என்ன உளர்றே?"

மழை நாளில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாமி நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

"பத்து வருஷமாவா? பால் பாக்கெட் எடுக்கறச்சயே கேட்டைத் திறந்து வெச்சுடுவார்னு நெனச்சிண்டிருந்தேன். என்கிட்ட ஒருநாள் வாயைத் திறக்கலையே!" மாமாவிடம் திரும்பினார். "ஏன்னா, ஏன் சொல்லவே இல்லை?"

"எதை?"

"கேட் திறக்கறதை."

"அதை என்னத்துக்குச் சொல்லணும்?" என்றார் மாமா. "காபி வந்துடுத்தா?"

அதற்குள் மேனேஜர் ஸ்ரீவத்சன், கரீமுல்லாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். முப்பது வயது இருக்கும். தூக்கம் போதாத கண். கையில் ரிஜிஸ்டர்.

"மேடம், வெளி ஆள் இந்த நேரத்துல உள்ள வரக் கூடாது. அதோட சாரைப் பத்தி நேத்தே பேசிட்டோம். மூணு தடவை வெளிய போகப் பார்த்திருக்கார். ரோட்டுல லாரி போகுது. ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தச் சாலையை எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன். "சார், தப்பிச்சிப் போறவரு இன்னா பண்ணுவாரு? கேட்டு தொறந்தா வெளிய ஓடுவாரு. இன்னிக்கு எம்மாம் பெரிய கேட்டு தொறந்துச்சு, ஒரு அடி வச்சாரா? இவரு வெளிய போவ வரல சார். ஆள உள்ள வுட வராரு. உங்க கேமராவுல பாரு."

ஸ்ரீவத்சன் ரிஜிஸ்டரைப் பார்த்தார், கரீமுல்லாவைப் பார்த்தார். கரீமுல்லா, "கட்டம் அது ஒண்ணுதான் சார் இருந்துச்சு" என்றார்.

ஸ்ரீவத்சன் போய்க் கேமராவைப் பார்த்துவிட்டு அரை மணி கழித்து வந்தார். செவ்வாய்க்கிழமை எங்கள் ஆட்கள் உள்ளே வரும்போது கேட் இரண்டு நிமிஷம் திறந்தே இருந்திருக்கிறது. மாமா ஓரமாக ஒதுங்கி நின்று, ஒவ்வொருவரையும் உள்ளே விட்டு, தெருவைப் பார்த்துவிட்டு, ஏழு மணிக்கு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். புதனும் வியாழனும் அதே.

"சரி" என்றார். "டாக்டர் பார்க்கட்டும். பத்து நாள் முடியறவரைக்கும் மாடிக்கு மாத்தலை. ஆனா அப்புறமும் இப்படியே தினம் வந்து பூட்டைத் தேடினா? கிடைக்கலைன்னா ஒருநாள் கோபம் வரும். அப்போ என்ன பண்ணுவீங்க?"

அவர் போன பிறகு மாமி கைப்பையில் இருந்து மடித்த காலண்டர் தாளை எடுத்தார். "வாசி."

நல்லதை வாசித்தேன். கெடுதலை வாசித்தேன்.

"வெயில் பாத்தியா மாமி? பக்கத்து வூடு?"

"வெயில் கிழக்கு ஜன்னல்ல ஒன்பது மணி வரைக்கும். பக்கத்துல சுப்புலக்ஷ்மின்னு ஒரு டீச்சர். ரிட்டயர்ட். நேத்து அழுதுண்டு போய்க் கதவைத் தட்டினேன், ராத்திரி பத்து வரைக்கும் கூட இருந்தா. அதுல ஒண்ணும் குறையில்லை." பிறகு, "கேட் எங்க? இதுல இல்லையே" என்றார்.

"எய்தல மாமி. இதெல்லாம் எய்தறதான்னு வுட்டுட்டேன்."

"நீ எழுதாம விட்டே. நான் தெரியாம விட்டேன். கிரீஷ் டாக்டர், லிஃப்ட்டு, கம்பி எல்லாம் பாத்தான். இவருக்கு என்ன வேலைன்னு யாருமே பாக்கலை." தாளைத் தடவினார். "கெடுதல் பக்கம் எழுது. 'இங்கே எல்லாம் தானே வருகிறது, அவருக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை.'"

நீளமான வாக்கியம். எழுத்தெழுத்தாக எழுதினேன். முடித்ததும் மாமி கேட்டார். "இங்க வேலை செய்யறவா எல்லாரும் அந்தப் பெரிய கேட் வழியாவா வரா?"

"இல்ல மாமி. கரீமு ரூமாண்ட சின்ன கேட்டு ஒண்ணு கீது. பொம்பளைங்க அதுல வருவாங்களாம். ரெண்டு மாசமா துரு புடிச்சி மாட்டிகினுகீது, அதான் பெரிசத் தொறக்குறாங்க. ஆறரைக்கு ஷிப்டு."

"எத்தனை பேர்?"

"பன்னெண்டு."

மாமியின் முகத்தில், பள்ளிக்கூடத்தில் கணக்கு சரியாக வந்த மாதிரி ஒரு பிரகாசம். "அந்தச் சின்ன கேட்டுக்குப் பூட்டு இருக்கா?"

"தாழ்ப்பாதான்."

"நீ இன்னிக்கு மைலாப்பூர் போறியோன்னோ? துளசிக்குத் தண்ணி விட்டுட்டு, நம்மாத்துக் கேட்டுப் பூட்டைக் கழட்டி எடுத்துண்டு வா. அங்க வேற புதுப் பூட்டு வாங்கிப் போட்டுடு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. "அப்போ மாமி, இங்கயே..."

"போய் எடுத்துண்டு வா."

ஸ்ரீவத்சனிடம் மாமியே பேசினார். நான் வெளியே நின்று கேட்டேன்.

"மேடம், அது ஸ்டாஃப் வர வழி. ரெசிடென்ட் திறக்கறதுன்னா ரூல்ஸ்ல..."

"ரூல்ஸ்ல திறக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கா?"

"அப்படி எழுதலை..."

"எழுதலைன்னா யாரும் யோசிக்கலைன்னு அர்த்தம். இப்போ யோசி. ஆறு மணிலேர்ந்து ஏழு வரைக்கும்தான். காவல்காரர் பக்கத்துலயே இருப்பார், இன்னொரு சாவி அவர்கிட்ட இருக்கும். ஏழு மணிக்கு மேல பூட்டை அவரே கழட்டி உள்ள வெச்சுக்கட்டும்."

"டாக்டர் சரின்னு சொன்னாதான் மேடம்."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

டாக்டர் சனிக்கிழமை மாமாவைப் பார்த்தார். கேட் திறக்கட்டும், பத்து நாள் முடியும்வரை கவனிக்கலாம், அதற்கு மேல் மாதம் ஒருமுறை பார்க்கலாம் என்றார். ஞாபகம் திரும்ப வரும் என்று அவர் சொல்லவில்லை, மாமியும் கேட்கவில்லை. என்னை மாமி வீட்டு ஆளாக அட்டை போட்டு உள்ளே விட ஒப்புக்கொண்டார்கள். தினமும் காலையில் ஒரு மணி நேரம். மைலாப்பூரில் மற்ற இரண்டு வீட்டில், விருந்தாளி வீட்டம்மா வேறு ஆள் பார்த்துக்கொண்டார். இன்னொரு வீட்டில் பதினோரு மணிக்கு வந்தால் போதும் என்றார்கள். பதினோரு மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறது. ஒரு வீட்டுச் சம்பளம் குறைந்தது, நாலே முக்காலுக்கு எழுந்திருப்பதும் போனது. என் பெயருக்கும் ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தேன். இன்னும் முடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பூட்டைக் கழற்றியபோது மைலாப்பூர் கேட் என் மேலேயே சாய்ந்தது. அந்தப் பித்தளைப் பூட்டு கையில் கனத்தது. கூடையில் வைத்து மேலே துளசி இலை கொஞ்சம் போட்டு எடுத்துக்கொண்டு, அடையாறு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கரீமுல்லா சின்னக் கேட்டுக்கு எண்ணெய் விட்டு, துருவைச் சுரண்டி வைத்திருந்தார்.

"கொஞ்சம் தொய்வா வுடு" என்றேன்.

"இன்னாக்கா, சரி பண்ணதக் கெடுக்கச் சொல்ற?"

"தூக்கித் தள்ளாட்டி அவருக்குத் திருப்தி வராதுடா."

கீல் ஆணியை ஒரு திருகு தளர்த்தினார்.

திங்கட்கிழமை ஆறரைக்கு வெளியே நாங்கள் பதின்மூன்று பேர் நின்றோம். அஃப்சருன்னிசா கையில் சோற்று டப்பாவோடு முன்னால் நின்றாள். மாமா வந்தார். பூணூலில் இருந்து சாவியை எடுத்தார். இந்தத் தடவை துளை இருந்தது. சாவி திரும்பிய சத்தம் கேட்டதும் ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு இடது கையால் தூக்கி, முட்டியால் ஒரு தள்ளு.

"வாங்கோ, வாங்கோ. எங்கேர்ந்து வரேள்?" என்று அஃப்சருன்னிசாவைக் கேட்டார்.

"பெரும்பாக்கம் மாமா."

"நூறு. நீ?"

"பெரும்பாக்கந்தான்."

"நூறு. எல்லாரும் நூறா?" கடைசியாக வந்த என்னைப் பார்த்தார். "நீயும் நூறு. இந்த இடம் என்ன?"

"இதுவும் நூறுதான் மாமா."

"நூறுலேர்ந்து நூறுக்கா? அப்போ ஸ்டாம்பே வேண்டாமே. கைலயே குடுத்துட்டுப் போயிடலாம்" என்று சொல்லிச் சிரித்தார். பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார்கள்.

உள்ளே போனேன். மாமி ஜன்னல் வெயிலில் உட்கார்ந்து, சாப்பாட்டுக் கூடத்தில் இருந்து வந்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"கழனித் தண்ணி. நம்ம ஃபில்டரை எடு, டிகாஷன் போடு. அந்தத் தாள் எங்க?"

எடுத்துக் கொடுத்தேன்.

"உன் பேரை நடுவுலேர்ந்து எடுத்து நல்லது பக்கம் எழுது."

"காபிய அடிச்சிரட்டா மாமி? கெடுதல்லேர்ந்து?"

"அதை ஏன் அடிக்கறே? அது அங்கயே இருக்கட்டும்" என்றார் மாமி, என் தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்து.